கோவிவன் என்ற நாயும் மலைப்பள்ளி நூலகமும்

(ஜவ்வாது மலைப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட பொது நிதி விதிகளில் 215-ஆவது விதி நூலகங்களைப் பற்றியது. ஓராண்டில் வாசகர் கைக்குப் போய்வந்த புத்தகங்களில் 1,000-க்கு 5 தொலைந்திருந்தால், அதில் மோசடியோ அலட்சியமோ இல்லாத பட்சத்தில், அதை நியாயமான இழப்பாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்த விதி. ரூ.1,000-க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய நூலோ காணாமற்போனால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பைசாவுக்குக் கணக்குக் கேட்கும் ஒரு விதித்தொகுப்பே, புத்தகம் என்றால் கைமாறும், கைமாறினால் சில திரும்பி வராது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. மாநில அரசுப் பள்ளிகளுக்கு விதிகள் தனி என்றாலும் இந்த 215-ன் மனசு எல்லாப் பள்ளிக்கும் வேண்டியது.

பல பள்ளிகளில் நடப்பது வேறாக இருப்பதால்தான் பேச்சை இங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. புத்தகக் கட்டு வருகிறது. தலைமையாசிரியர் பிரித்து, இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக ஏற்றி, முத்திரை குத்தி, பீரோவில் அடுக்கிப் பூட்டுகிறார். நாளை மாறுதல் வந்தால் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் பீரோவில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். தணிக்கைக்கு வருபவர் கேட்பதும் அந்த எண்ணிக்கையைத்தான். எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பயப்படும் ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. கிழிந்த படப்புத்தகத்தைக் கணக்கிலிருந்து கழிப்பதற்கு எளிய, எழுத்துபூர்வமான வழி ஒன்றைக் கல்வி அலுவலகம் வகுத்துக் கொடுத்தால், மறுநாளே அந்தப் பீரோக்கள் திறக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாளும் பருவ இதழும் கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாடத்துக்குமான நூல்களும் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணையே சொல்கிறது. கதைப் புத்தகத்தைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.5,000 தொடங்கி, மேல்நிலைப் பள்ளிக்கு ரூ.20,000 வரை நூலக மானியம் உண்டு. அதை வைத்து எந்தப் புத்தகத்தை வாங்குவது, யார் கையில் கொடுப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது என்பதில்தான் நூலகத்தின் உயிர் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் இந்தக் கேள்விகளுக்கான விடை சமவெளியில் உள்ளதுபோல இராது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிலும், அந்தப் பக்கம் புதூர்நாட்டிலும் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடுபவர்களுக்காக ஒரு வார்த்தை: இவர்கள் பேசுவது தமிழ். சாமையும் கேழ்வரகும் விதைப்பவர்கள், புளியும் கடுக்காயும் தேனும் எடுப்பவர்கள். பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் இல்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒரு பக்கம், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி ஒரு பக்கம், வனத்துறை நடத்தும் பள்ளி இன்னொரு பக்கம். ஒரு துறை அறிவிக்கும் புத்தகத் திட்டம் இன்னொரு துறையின் பள்ளிக்குத் தானாக வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

உண்டு உறைவிடப் பள்ளி என்பது இந்த மலையின் பெரிய வாய்ப்பு. சமவெளிப் பிள்ளை நாலரை மணிக்கு வீட்டுக்குப் போய்விடும். விடுதிப் பிள்ளைக்கு அந்த நாலரை மணியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடியும் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் பொழுது இருக்கிறது. பெற்றோர் வேலை தேடிக் கீழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் போயிருக்கும் மாதங்களில் அந்தப் பொழுது கனமானது. ஆறு வயதுப் பிள்ளை அம்மாவை நினைத்து அழுவதும் அந்த நேரத்தில்தான். பள்ளி நூலகம் பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடினால் அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? சாவி ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் இருக்கட்டும். கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். தேதி, பெயர், புத்தகம், கடைசியாக ‘பிடித்ததா’ என்று ஒரு கட்டம். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கட்டத்தில் ஒரு சூரியனோ ஒரு மேகமோ வரைந்துவிட்டுப் போகட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் அடுத்த ஆண்டு எதை வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எந்த நிபுணர் குழுவின் பட்டியலைவிடவும் அது நம்பகமானது.

அலமாரியில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு, தமிழில் குழந்தைகளுக்குப் புத்தகம் இல்லை என்ற பழைய முறைப்பாடு இனியும் பதிலாகாது. அழ. வள்ளியப்பா 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. பெ. தூரன் தலைமை ஆசிரியராக இருந்து உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை வெளிவந்தது. அந்தத் தொகுதிகள் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. அதே சமயம், புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து சர்வதேச வானியல் ஒன்றியம் எடுத்தது 2006-ல். எனவே பழைய தொகுதியின் பக்கத்திலேயே புதிய அறிவியல் புத்தகம் ஒன்றும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ‘இதுல ஒம்பது, அதுல எட்டு, எது சார் சரி?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த ஒரு கேள்வியால் இரண்டு புத்தகத்தின் விலையும் தேறிவிடும்.

அண்மைக் காலத்து வரவுகள் இன்னும் உற்சாகமானவை. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் ‘புத்தகப் பூங்கொத்து’ என்ற பெயரில் வண்ணப் புத்தகங்கள் வகுப்பறைக் கயிற்றில் தொங்கின. பள்ளிக் கல்வித்துறை இப்போது ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர் இதழ்களை நடத்துகிறது. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் 50-க்கும் மேற்பட்ட சிறு புத்தகங்களை ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்து வெளியிட்டது. மலையின் அடிவாரத்திலேயே, சிங்காரப்பேட்டை அருகே புளியானூரில் இயங்கும் குக்கூ குழந்தைகள் வெளி ‘தும்பி’ என்ற சிறார் கதை இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக, பக்கம் நிறைய ஓவியத்தோடு கொண்டுவந்தது. சென்னையில் தூலிகா, பாரதி புத்தகாலயம், டெல்லியில் நேஷனல் புக் டிரஸ்ட், பெங்களூரில் பிரதம் புக்ஸ் என்று வாங்கும் இடங்களுக்கும் குறைவில்லை.

அந்த நான்கு படிகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ‘நுழை’ நிலைப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஓரிரு எளிய வரிகள்தான். மீதியைப் படம் சொல்லும். பிள்ளை முதலில் படத்தைப் பார்த்துக் கதையை ஊகிக்கிறது, பிறகு வரிக்கு வந்து ஊகம் சரியா என்று பார்க்கிறது, மறுபடியும் படத்துக்குப் போகிறது. இந்தப் போக்குவரத்துதான் வாசிப்பு. ‘பற’ நிலைக்கு வரும்போது வரி நீள்கிறது, படம் குறைகிறது. ஏற்பாடு அருமை. ஆனால் இதை வகுப்போடு ஒட்டிவிடுவது பெரிய ஆபத்து. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இன்னும் கூட்டி வாசிக்கும் பிள்ளை மலையில் உண்டு, சமவெளியிலும் உண்டு. அதன் கையில் ‘நுழை’ புத்தகத்தைப் பார்த்து ‘இது சின்னப் பசங்க புக்குடா’ என்று யாராவது சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை அன்றோடு அலமாரிப் பக்கமே வராது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம், ‘ஒண்ணாம் வகுப்புத் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டணும், நல்லாப் பழகிக்கிட்டு வா’ என்று அதே புத்தகத்தைக் கொடுப்பது. வெட்கம் கரைந்துவிடும். படிப்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரே நேரத்தில் பலன்.

கதையைப் படித்து முடித்ததும் ‘சுருக்கம் எழுது’, ‘நீதி என்ன?’ என்று கேட்கும் வழக்கத்தை நூலகத்துக்குள் விடவே கூடாது. அதற்குப் பாடப்புத்தகம் இருக்கிறது. இன்னொன்றையும் கறாராகவே சொல்லியாக வேண்டும். மலைப்பள்ளிக்கு நன்கொடை என்று மூட்டை மூட்டையாக வரும் பழைய வினா வங்கிகள், காலாவதியான போட்டித் தேர்வு வழிகாட்டிகள், கம்பெனி டைரிகள், பக்கம் உதிரும் பழைய கைடுகள் ஆகியவற்றை நன்றி சொல்லித் திருப்பி அனுப்ப ஆசிரியர்களுக்குத் துணிவு வேண்டும். நல்ல நாற்பது புத்தகம் உள்ள அலமாரியில் பிள்ளை தேடி எடுக்கும். நானூறு குப்பைக்கு நடுவே அந்த நாற்பதும் மறைந்துபோகும்.

விடுதியுள்ள பள்ளியில் சில புத்தகங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலுக்கு 2020-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. தன் உடலை யார், எப்படித் தொடக்கூடாது என்பதையும், அப்படி நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் பிள்ளைகள் பயமின்றிப் புரிந்துகொள்ளும் விதத்தில் கதையாகச் சொல்வது அது. வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும் குழந்தைக்கு இது கதை மட்டுமில்லாமல் பாதுகாப்பும்கூட. ஒரு பிரதி போதாது. ஒவ்வொரு விடுதியிலும் நாலைந்து பிரதிகளாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு, 2021-ல் அதே விருதைப் பெற்றவர் வந்தவாசி மு. முருகேஷ், இதே திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர். புத்தகம் ‘அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை’. 2023-ல் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ ஒரு சிறுவனைக் கீழடிக்கு, 2,600 ஆண்டுகளுக்கு முந்தைய ஊருக்கே அழைத்துக்கொண்டு போகிறது.

கீழடி வந்துவிட்டது, நல்லது. வைகைக் கரைப் பிள்ளைக்குத் தன் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கதை புத்தகமாகிவிட்டது. ஜவ்வாது மலைப் பிள்ளைக்கு?

இந்த மலையில் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடி வைத்த அறைகள். குள்ளமான மனிதர்கள் அதில் குடியிருந்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். மலையிறங்கினால் செங்கம். அந்த வட்டாரத்து நடுகற்கள் தமிழ்நாட்டு வரலாற்றுக்கே பெரும் சொத்து. தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர் நடுகல்லின் செய்தி பெரியவர்களையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்டான். அவனோடு ஒரு நாய் இருந்தது. அது திருட வந்தவனைக் கடித்தது, எசமான் விழுந்த பிறகும் இடத்தை விட்டு நகராமல் காவல் நின்றது. கல்லில் வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் அந்த நாயையும் செதுக்கினார்கள். அதோடு நிற்காமல் அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள். கோவிவன். ஏழாம் நூற்றாண்டின் ஒரு நாட்டு நாய்க்குப் பெயரோடு கல்வெட்டு இருக்கிறது.

மலைப்பிள்ளைக்கு மாடு மேய்ப்பது என்றால் என்னவென்று தெரியும். இருட்டில் நாய் குரைக்கும் விதத்தை வைத்தே வந்திருப்பது ஆளா காட்டுப்பன்றியா என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதையைக் கொடுத்தால், பாடப்புத்தகத்தில் மகேந்திரவர்மன் என்ற பெயர் வரும்போது அது வெறும் மதிப்பெண் விடையாக இருக்காது, ‘கோவிவன் காலத்து ராஜா’ என்று ஆகிவிடும். பதினாறு பக்கப் படப்புத்தகமாக இது எல்லா மலைப்பள்ளி அலமாரியிலும் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பே வரைந்து, எழுதி, தைத்து அலமாரியில் வைக்கலாம்.

இந்த மேடையில் வலியுறுத்த வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான்: மலைப்பள்ளி நூலகத்தின் ஒரு பகுதியை மலையே எழுத வேண்டும்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துக் கிழக்கு மலைகளில் 1935 முதல் 1943 வரை குதிரை நூலகம் என்ற திட்டம் நடந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலை கொடுக்கும் அரசுத் திட்டத்தின் கீழ், பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகப் பையை ஏற்றிக்கொண்டு ஓடைக்கரை வழியாக வீடு வீடாகவும் பள்ளி பள்ளியாகவும் போனார்கள். புத்தகம் வாங்க அந்தத் திட்டத்தில் பணம் இல்லை. கிடைத்ததெல்லாம் மற்றவர்கள் படித்துக் கழித்த நூல்களும் பழைய இதழ்களும்தான். அவை கிழிந்துபோனபோது அந்த நூலகப் பெண்கள் தூக்கிப் போடவில்லை. நல்ல பக்கங்களை வெட்டி ஒட்டினார்கள். மலைக் குடும்பங்கள் சொன்ன சமையல் குறிப்பு, துணி ஒட்டுப்போர்வைக்கான மாதிரி ஆகியவற்றையும் சேர்த்துப் புதுத் தொகுப்புகள் செய்து சுற்றில் விட்டார்கள். ஒரு வீட்டுக் கைப்பக்குவம் இன்னொரு பள்ளத்தாக்கின் வீட்டுக்குப் புத்தகமாகப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாடும் இந்த விஷயத்தில் பின்தங்கியதில்லை. கெண்டக்கிக்கு நான்கு ஆண்டு முன்பே, 1931-ல், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டினார். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். உலக நூலகத்துறை இன்றும் படிக்கும் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே 1931-ல்தான். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் உண்டென்றும், புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் உண்டென்றும் சொன்னவர் அவர். ஜவ்வாது மலையின் பிள்ளைக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடினால், அதில் பாதி இன்னும் பாட்டிகளின் வாயில்தான் இருக்கிறது.

ஒடிசா மாநிலம் 2006–07-ல் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வழிக் கல்வியைப் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடங்கியது. பிரதம் புக்ஸ் நிறுவனம் அங்கே சௌரா, குயி உள்ளிட்ட மொழிகளில் கதைப் புத்தகங்களை அந்தச் சமூகத்தாரோடு சேர்ந்து உருவாக்கியது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் தங்கள் மரங்களைத் தாங்களே வரைந்தார்கள். சென்னையின் தாரா புக்ஸ் 2006-ல் அதைக் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்டு நூலாக்கியது. 2008-ல் அது இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் காட்சியின் விருதைப் பெற்றது. காட்டுக்குள் பிறந்த கதை உலகத்துக்கே போகும் தகுதி உள்ளது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மலையாளி மக்கள் பேசுவது தமிழே ஆனாலும், அது பாடப்புத்தகத் தமிழ் இல்லை. பயிர், பூச்சி, மழை, உறவுமுறை என்று ஒவ்வொன்றுக்கும் ஊரின் சொல் இருக்கிறது. பிள்ளை அந்தச் சொல்லோடு வகுப்புக்கு வரும்போது ‘தப்பு’ என்று திருத்தப்படுகிறது. கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியே போட்டார். அந்த வேலையைச் சிறிய அளவில் ஒரு பள்ளி செய்யலாம். பெரிய நோட்டு ஒன்று, அகர வரிசையில் பக்கங்கள். பிள்ளை ஒரு சொல்லைக் கொண்டுவந்தால் அதை எழுதி, பக்கத்தில் படம் வரைந்து, சொன்னவர் ‘பெரியம்மா’, ‘தாத்தா’ என்று குறித்து வைப்பது. ஐந்து வருடத்தில் அந்த நோட்டு ஆராய்ச்சியாளர்கள் தேடிவரும் பொருளாகிவிடும். அதைவிட முக்கியம், தன் அப்பத்தாவின் சொல் பள்ளி அலமாரியில் இருப்பதைப் பிள்ளை பார்க்கும்.

செய்முறை எளிது. வெள்ளைத் தாள் நான்கை இரண்டாக மடித்தால் பதினாறு பக்கம். மடிப்பில் மூன்று துளை, கோணி ஊசி, தடித்த நூல். நடுத்துளையில் நுழைத்து, மேல்துளை, கீழ்துளை சுற்றி மறுபடி நடுவுக்கே வந்து முடிச்சு. அட்டைக்கு இலவசப் பாடநூல் வந்த பெட்டியின் அட்டை போதும். இரண்டு கதையைத் தாத்தாவிடம் கேட்டு எழுதலாம், ஒன்றைப் பிள்ளைகளே கற்பனை செய்யலாம். சாமை விதைப்பதிலிருந்து உமி நீங்கிச் சோறாகும் வரைக்கும் வரிசையாகப் படம் போட்டால் அது ஒரு தகவல் புத்தகம். அப்படி முடித்த புத்தகத்துக்கு, விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் போலவே பதிவேட்டில் வரிசை எண் கொடுக்க வேண்டும். முத்திரையும் குத்த வேண்டும். எண் இல்லாவிட்டால் அது கைவேலை. எண் ஏறிவிட்டால் அது நூலகத்தின் புத்தகம், எழுதிய பிள்ளை எழுத்தாளர். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

2024 பிப்ரவரியில் வந்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில் தேர்வு எழுதப் போய், உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்றார். நாட்டின் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு வரிசையாக அடுக்கியிருக்கும் அலமாரியில், அன்றைய செய்தித்தாள் துண்டுகளை ஒட்டித் தைத்த ஸ்ரீபதியின் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெண்டக்கிப் பெண்கள் செய்ததும் இந்த வெட்டி ஒட்டும் வேலைதான்.

கற்றல் கருவிகள் என்றதும் வண்ண அட்டைகளும் கணினியும் நினைவுக்கு வருகின்றன. பொருள்களுக்கும் அலமாரியில் இடம் வேண்டும். உருப்பெருக்கி ஆறு, உலக உருண்டை ஒன்று, மலையின் பெரிய வரைபடம், மூடி போட்ட சிறு புட்டிகளில் சாமை, தினை, கேழ்வரகு, கொள்ளு, இலுப்பை விதை, புட்டிமேல் பிள்ளைகள் எழுதிய பெயர்ச்சீட்டு. இவையும் வீட்டுக்கு இரவல் போகலாம். அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து வடிவியல் கற்பித்தவர். அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015-லிருந்து திறந்த உரிமத்தில் தமிழ்க் கதைகளைத் தருகிறது. அச்செடுக்கலாம், மாற்றி எழுதலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலையில் சிக்னல் வரும் போகும். கீழே போகும்போது ஆசிரியர் ஒருவர் இவற்றைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தால், வகுப்பில் இணையம் இல்லாமலே காட்டலாம்.

காவலூரைச் சொல்லாமல் விட முடியாது. மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் 1960-களின் பிற்பகுதியில் ஒரு சிறு தொலைநோக்கியோடு தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் நிலவான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை அந்த ஆண்டே இங்கிருந்து கண்டார்கள். 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகுக்குத் தெரிந்தபோது அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி. 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். வானம் இருட்டாக, தூசியில்லாமல் இருக்கும் இடம் தேடி அறிஞர்கள் இந்த மலைக்கு வந்தார்கள். அந்த இருட்டு மலைப்பிள்ளைக்குத் தினமும் வாசலில் கிடைக்கிறது. நட்சத்திர வரைபடம் ஒன்று, எளிய இருகண் தொலைநோக்கி ஒன்று, காவலூரின் கதை ஒரு தைத்த புத்தகமாக. இந்த மூன்றும் சேர்ந்த பையை விடுதிக்கு இரவில் கொடுத்துப் பார்க்கலாம்.

இனி ஆண்டு விடுமுறை. விடுதி மூடும் நாளில் பிள்ளைகள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். புத்தகங்கள் ஜூன் வரைக்கும் பூட்டிய அறையில் கிடக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் பெட்டியிலும் மூன்று புத்தகம் போகட்டும். ஒன்று, படிக்கத் தெரியாத தாத்தா பாட்டிக்கும் காட்டும்படியான படப்புத்தகம். ஒன்று, பிள்ளைக்குப் பிடித்தது எதுவோ அது. மூன்றாவது தைத்த வெற்றுத்தாள் புத்தகம். அதில் முதல் பக்கத்தில் ஆசிரியர் மூன்று கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். உங்கள் ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? வீட்டில் பெரியவர்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலையில் இருந்து இப்போது இல்லாத விலங்கு எது, மரம் எது? உங்கள் வீட்டு நாயின் பெயர் என்ன, அது ஒரு நாள் என்ன செய்தது?